அடுகோடியில் ஒன்பது நாள் பத்தியம்

எங்கள் பெட்டியில் துணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். ஏழு பிலிம் ரோல் டப்பா. தெருக்கோடி போட்டோ ஸ்டுடியோவில் கேட்டு வாங்கி, மூடியில் ஞாயிறு, திங்கள் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, அந்தந்த நாளுக்கான மாத்திரைகளை எண்ணிப் போட்டிருந்தேன். கூடவே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பக்கவாட்டில் நான் போட்ட கோடுகளோடு. ஒரு நாளைக்கு அவருக்கு அவ்வளவுதான் தண்ணீர். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். என் வீட்டுக்காரர் சுந்தரத்துக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக்கொண்டு வருகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நான் டீச்சர், அவர் பையன், மூன்று வேளையும் பரீட்சை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், கம்பத்தில் ஏறி நின்றுகொண்டே பஜ்ஜி தின்ற மனுஷர். அவரைக் கட்டிப்போடுவது லேசா?

திருப்பத்தூர் டாக்டர், "பெங்களூர்ல ஒரு கிட்னி டாக்டரம்மா இருக்காங்க, ஒரு தடவை காட்டிட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே அடுகோடியில் என் நாத்தனார் சரோஜா அண்ணி இருக்கிறார். தங்க இடம் இருக்கிறது, போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். செல்போன் இன்னும் எங்கள் கைக்கு வராத காலம்.

ஞாயிற்றுக்கிழமை கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திபெலே வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அங்கே வந்ததும் பஸ்ஸின் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. டிரைவரும் கண்டக்டரும் ஒருவரை ஒருவர் தமிழிலும் கன்னடத்திலும் திட்டிக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் இறங்கி மரத்தடியில் நின்றோம். எதிரே இளநீர் வண்டி.

"சார், எளநி சாப்பிடுங்க சார். சூட்டுக்கு நல்லது" என்றார் வண்டிக்காரர், நம்ம ஊர்த் தமிழிலேயே.

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"என்னாம்மா இப்டி வேணாங்கறீங்க? கிட்னிக்கே எளநிதாம்மா மருந்து."

"நல்லா இருக்கற கிட்னிக்கு மருந்துப்பா. கெட்டுப்போனதுக்கு வெஷம்" என்றேன். அவர் நம்பவில்லை. இளநீரை விஷம் என்று சொன்ன பெண்ணை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்திருப்பார்.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இன்னொருத்தியிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி என் மடியிலிருந்த பாட்டிலைக் காட்டினாள். எங்கள் பின் சீட்டுக்காரர் கேட்காமலேயே மொழிபெயர்த்தார்: "புருஷன் நாக்கு வறண்டு நிக்கறான், இவ பாட்டில கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா, என்ன பொம்பளையோன்னு சொல்றாங்கம்மா."

எனக்கு வந்ததே கோபம். இவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் இன்னும் தாகம் எடுத்து, பாட்டில் மூடியால் இரண்டு மூடித் தண்ணீர் அளந்து கொடுக்கவேண்டியதாயிற்று.

அடுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். சரோஜா அண்ணி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷமாக இந்த ஊர்வாசி. அவர் கணவர் கர்நாடக அரசாங்கத்தில் வேலை பார்த்துக் காலமானவர். மகன் வெளிநாட்டில். தனி ஆளாக அந்தப் பெரிய வீட்டில், காய்கறிக்காரரிடம் கன்னடம், எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் உருது, எங்களிடம் தமிழ் என்று நாளெல்லாம் பேசிக்கொண்டே இருப்பவர்.

"பா பா, உள்ள வாடா சுந்தரா. என்னடா இப்டி எளைச்சுட்ட? வசந்தா, நீ சோறு போடறியா இல்லியா?"

"அண்ணி, அவருக்குச் சோறு போடாம இருக்கறதுதான் இப்ப என் வேலை" என்றேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்தோம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நிதானமாகப் பேசுகிறவர். கன்னடக்காரர்தான், ஆனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துச் சொன்னார்.

"பொட்டாசியம் ஏறியிருக்கு சார். இன்னும் ஏறினா ஹார்ட் நிக்கற அளவுக்குப் போகும். ஒரு மாத்திரைய மாத்தறேன். சாப்பாட்டுல நான் சொல்றத அஞ்சு நாள் கரெக்டா செய்யுங்க. சனிக்கிழமை மறுபடி பார்ப்போம். எறங்கியிருந்தா ஊருக்குப் போலாம். எறங்கலைன்னா கையில சின்ன ஆபரேஷன் பண்ணி டயாலிசிஸுக்கு ரெடியாகணும்."

இவர் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டை எடுத்தேன். எனக்குப் பயம் வந்தால் நான் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

வாழைப்பழம் கூடாது. தக்காளி கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. கேழ்வரகு வேண்டாம். சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு மென்று தின்னவேண்டும், முன்னாலும் அல்ல, பின்னாலும் அல்ல. எந்தக் காயையும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். காயில் இருக்கும் பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடுமாம். கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் சமையலுக்கான விதிகளை வாசித்தேன். "காய வேகவெச்சு, தண்ணிய சுத்தமா வடிச்சிடணும் அண்ணி."

"அஷ்டேனா? அவ்ளோதானா?" என்று அண்ணி சிரித்தார். "இந்த ஊர்ல நாங்க தெனம் செய்யறதே அதான். நீ அடுப்பாங்கரைக்கே வராதே. அஞ்சு நாள் நீ விருந்தாளி."

செவ்வாய்க்கிழமை ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கக் கிளம்பினோம். எங்கள் தெருவில் வளர்ந்தவர், இங்கே ஏதோ கம்பெனியில் காவலாளி வேலை. பஸ்ஸில் எண்கள் எல்லாம் கன்னடத்தில் எழுதியிருந்தன. கணக்கு டீச்சருக்கு எண் படிக்கத் தெரியவில்லை என்று இவர் கிண்டல் செய்தார். நான் வீம்புக்கு ஒரு பஸ்ஸைக் காட்டி ஏறச் சொன்னேன். அது எதிர்த்திசையில் போய், ஒரு பெரிய மார்க்கெட்டில் எங்களைக் கொட்டியது. திரும்ப ஆட்டோ பிடித்து ஈஜிபுராவில் அந்த ஒற்றை அறை வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு.

அந்த வீட்டு அம்மா பிசிபேளே பாத் செய்து, மேலே நெய் விட்டு, அப்பளம் பொரித்து வைத்திருந்தார். அந்த வாசனைக்கு எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. சுண்ணாம்பு மாத்திரை அடுகோடியில் மேஜைமேல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார்: "தங்கச்சி, எனக்கு வெறுஞ்சோறு ரெண்டு பிடி போதும்மா. அதுல ஒரு சொட்டு நெய். உன் கை ருசி அதுலயே தெரிஞ்சுடும்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போய், பிறகு தெளிந்தது. அப்பளத்தை இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை நான் கவனித்தேன். ஆனால் மதிப்பெண் போடவில்லை. பரீட்சையில் நன்றாக எழுதுகிற பையனையும் காப்பியடித்தானோ என்று பார்க்கிற டீச்சர் புத்தி.

காரணம், அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. "சும்மா நடந்துட்டு வரேன்" என்று வெளியே போவார். முக்கால் மணி நேரம் கழித்து வருவார். அடுகோடித் தெருக்களில் நடக்க என்ன இருக்கிறது? லேத் பட்டறை, வெல்டிங் கடை, ஒரு மசூதி, நாலு பேக்கரி. அந்த நாலு பேக்கரிதான் எனக்கு உதைத்தது.

புதன்கிழமை மத்தியானம் அண்ணி இலை போட்டார். பீன்ஸும் முளைகட்டின பயறும் வேகவைத்து, வடித்து, கடுகு தாளித்த பொரியல். பல்யா என்றார். அதோடு நீர்க்க, காரசாரமாக ஒரு சாறு. பூண்டும் தேங்காயும் அரைத்துவிட்டது.

"அண்ணி, தண்ணிய வடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு இல்லாம வடிச்சுட்டேம்மா. பல்யா எவ்ளோ உதிரியா இருக்கு பாரு."

நான் கரண்டியை வாங்கி நானே அவருக்குச் சாறு ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வசந்தா, இது ருசியா இருக்கே. ருசியா இருந்தா எனக்கு ஆகாததா இருக்குமே?"

"சும்மா சாப்பிடுங்க. பருப்பு இல்ல, தக்காளி இல்ல, உப்பு பாதிதான். நான் கேட்டுட்டேன்."

ஒரு வருஷமாக அந்த மனுஷர் வெந்த காயும் வெறும் சோறுமாகத் தின்று கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் இலையை வழித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, குடித்ததற்கு ஈடாகப் பாட்டில் தண்ணீரில் கால் டம்ளரைக் குறைத்துக்கொண்டேன். வியாழனும் அதே மாதிரி, கீரையில். வெள்ளியும் அதே மாதிரி, அவரையில். மூன்று நாளும் நான்தான் ஊற்றினேன்.

வியாழன் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தவரிடம் காபி வாசனை அடித்தது.

"காபி குடிச்சீங்களா?"

"பாதி."

"பாதின்னா?"

"இந்த ஊர்ல பை டூன்னு குடுக்கறாங்க வசந்தா. ஒரு காபிய ரெண்டு பேருக்குப் பாதிப் பாதியா ஊத்தித் தராங்க. எனக்குன்னே கண்டுபுடிச்ச மாதிரி இருக்கு. பாட்டில்ல அந்த அளவு தண்ணிய நானே கழிச்சுட்டேன், பாரு."

கோடு சரியாகத்தான் இருந்தது. "அந்த இன்னொரு பாதிய குடிச்சது யாரு?" என்று கேட்டேன். "ஒரு சிநேகிதர்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். வந்து ஐந்து நாளில் சிநேகிதராம். காபிக்குத் துணையாக என்னென்ன போண்டா உள்ளே போனதோ என்று எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

சனிக்கிழமை அண்ணியும் கூட வந்தார். ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"ஏறியிருக்கு. திங்கட்கிழமை இருந்ததைவிட அதிகம்."

பக்கத்து அறையில் இவரைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

"எங்க போய் என்னத்த தின்னீங்க? உண்மைய சொல்லுங்க. நான் ஒருத்தி ராவும் பகலும் எண்ணி எண்ணி மாத்திரை குடுக்கறேன், நீங்க பேக்கரி பேக்கரியா சுத்தறீங்களா? உங்களுக்கு உயிர் மேல ஆசையில்லன்னா சொல்லிடுங்க, நான் நோட்ட கிழிச்சுப் போட்டுடறேன்."

"காபி மட்டுந்தான் வசந்தா. பாதி" என்றார். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

டாக்டரம்மா மறுபடி உள்ளே கூப்பிட்டு, பொறுமையாக ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இவர் ஒப்பித்தார். இட்லி இரண்டு. சோறு, பொரியல், சாறு. ராத்திரி கோதுமை ரவை.

"என்ன சாறு?"

இவர் வாயை மூடிக்கொண்டார். அண்ணிதான் சந்தோஷமாக முந்திக்கொண்டு பதில் சொன்னார். "பஸ்ஸாரு டாக்டர். காய் வேகவெச்சு வடிச்ச தண்ணியில மசாலா அரைச்சு விட்டு..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எதிரே இருந்த எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, எங்க வீட்லயும் அதுதான் செய்வாங்க. எனக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்றார் மெதுவாக. "ஆனா எந்தத் தண்ணிய இவர் குடிக்கக் கூடாதுன்னு வடிக்கச் சொன்னேனோ, அதே தண்ணிதான் அது. காயில இருந்து வெஷத்த மட்டும் தனியா எடுத்துக் குடுத்த கணக்கு."

தண்ணீரை வடித்தீர்களா என்று தினமும் கேட்டேன். வடித்தது எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஏன் வடிக்கவேண்டும் என்ற காரணத்தை அண்ணிக்கு நான் சொல்லவே இல்லை. நோட்டிலே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன், வாயால் சொல்லவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நான் சூத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஏன் என்று விளக்காமல் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் உயிர் விஷயத்தில் அதைச் செய்தேன்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என் தம்பிக்கு நானே..."

"நீங்க இல்ல அண்ணி. கரண்டி என் கையிலதான் இருந்துச்சு" என்றேன்.

தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி கொடுத்தார் டாக்டரம்மா. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்றார். நெஞ்சு படபடத்தாலோ, கைகால் சோர்ந்தாலோ நேரம் பார்க்காமல் ஓடி வரச் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது ஆட்டோக்காரர் தருமபுரியிலிருந்து தான் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பங்கரைக்குப் போனேன். அண்ணி வடித்த தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாய்க்க முடியவில்லை.

"கை வரலியே வசந்தா. நாப்பது வருஷமா இதக் கீழ ஊத்தினதில்ல. சத்தெல்லாம் இதுலதானே இருக்குன்னு மாமியார் சொல்லிக் குடுத்தது."

"ஆமா அண்ணி. அந்தச் சத்துதான் அவருக்கு வேணாம்" என்று, இந்தத் தடவை காரணத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் கையோடு என் கையையும் சேர்த்துப் பாத்திரத்தைச் சாய்த்தோம். ஆவி எங்கள் முகத்தில் அடித்தது. அண்ணி அழுதார். நானும் அழுதேன்.

அன்று சாயங்காலம் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நீயும் வா" என்றார்.

இரண்டு தெரு தள்ளி, நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு சின்ன ஓட்டல். அங்கே ஒருவர் காத்திருந்தார். சலீம் பாய். பக்கத்து லேத் பட்டறைக்காரர். முழங்கைக்குக் கீழே, இடது கையில், டாக்டரம்மா சொன்ன அந்தச் சின்ன ஆபரேஷன் செய்த இடத்தில் நரம்பு புடைத்து மேடாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருக்கும் தண்ணீர் அளவுதான். பட்டறை வாசலில் தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்துத்தான் இவர் நின்று பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

"தொட்டுப் பாருங்கம்மா, பயப்படாதீங்க" என்று கையை நீட்டினார். தொட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் கிர்ரென்று ஓடியது.

"சார் தெனம் வந்து ஒரே கேள்வியா கேப்பாரு. ஊசி வலிக்குமா? வேலை செய்ய முடியுமா? வீட்ல இருக்கறவங்களுக்கு ரொம்பத் தொந்தரவா? நான் சொன்னேன், ரெண்டு நாள் ஊசி, மிச்ச நாள் லேத்து. வாழ்க்கை போவுது, அவ்ளோதான் சார்னு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் பில் கொடுக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக இந்த மனுஷர் தன் பயத்தைக் கொண்டுவந்து இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் கேட்க முடியவில்லை. என்னிடம் கேட்டால் நான் நோட்டை எடுத்துவிடுவேன்.

"பத்துப் பேர் எதிர்ல கத்திட்டேன். தப்புதாங்க" என்றேன், சலீம் பாய் எதிரிலேயே. இவர் போய் ஒரு பை டூ வாங்கி வந்து, ஒரு பாதியை எனக்கும் ஒரு பாதியை பாய்க்கும் கொடுத்தார். "நான் இன்னிக்குக் கணக்கு முடிச்சுட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. இறங்கியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எனக்கு அதுவே போதும். "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். எப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எங்களுக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்பினோம். அண்ணி கட்டிக் கொடுத்தது வடித்த பீன்ஸும் வெறுஞ்சோறும். மூடிமேல், "தண்ணிய செடிக்கு ஊத்திட்டேன்" என்று தமிழில் எழுதிய துண்டுச் சீட்டு. அத்திபெலேயில் பஸ் நின்றபோது அதே இளநீர்க்காரர் அதே இடத்தில் இருந்தார். சாப்பாட்டை எடுத்து இவர் மடியில் வைத்து, சுண்ணாம்பு மாத்திரையைக் கையில் கொடுத்தேன். இவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வசந்தா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. வியாழக்கிழமை கை கழுவ பின்கட்டுக்குப் போனப்பவே பார்த்துட்டேன். அக்கா வடிச்ச தண்ணிய சாத்துல ஊத்தினத."

"தெரிஞ்சும் குடிச்சீங்களா? ரெண்டு நாளு? உங்களுக்கு அறிவிருக்கா? அங்க டாக்டர் ஹார்ட் நின்னுடும்னு சொல்லியும்..."

"இருக்கு. தப்புதான். இனிமே செய்ய மாட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா நீ ரெண்டாவது கரண்டி ஊத்தும்போது சிரிச்ச. ஒரு வருஷமாச்சு வசந்தா, எனக்குச் சோறு போடறப்ப நீ சிரிச்சு. வேணாம்னு சொல்ல வாய் வரல."

பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. அவர் மாத்திரையை மென்றுகொண்டே, ஒரு கையால் பீன்ஸைச் சோற்றில் பிசைந்தார்.

இப்போதும் பிலிம் டப்பா இருக்கிறது, கோடு போட்ட பாட்டில் இருக்கிறது. காய் வடித்த தண்ணீர் எங்கள் வீட்டு முருங்கைக்குப் போகிறது. உப்பில்லாத அந்தப் பொரியலை அவர் தட்டில் வைக்கும்போது நான் சிரித்துக்கொண்டே வைக்கிறேன். முதல் ஒரு வாரம் வலிந்துதான் சிரித்தேன். இப்போது தானாக வருகிறது. அவர், "இன்னும் கொஞ்சம் போடு" என்கிறார்.